மேல் மூச்சுப்பாதையை மனிதர் அறிந்த வரலாறு

மூக்கில் தொடங்கித் தொண்டை வழியாகக் குரல்வளை வரை செல்லும் காற்றுவழி மேல் மூச்சுப்பாதை எனப்படும். மூக்குக்குழி, அதைச் சூழ்ந்த எலும்புக் காற்றறைகள் (சைனஸ்), தொண்டை, குரல்வளை ஆகியவை இதன் பகுதிகள். குரல்வளையைக் கீழ் மூச்சுப்பாதையோடு சேர்த்து எண்ணும் வழக்கமும் உண்டு.

உடலின் உள்ளுறுப்புகளில் வெளியுலகிற்கு மிக அருகில் இருப்பது இப்பாதை. வாயைத் திறந்தால் பின்தொண்டை தெரியும். அதற்குச் சில அங்குலம் கீழேதான் குரல்நாண்கள் உள்ளன. ஆனால் பாதை அந்த இடத்தில் வளைந்து இருளுக்குள் போய்விடுவதால், உயிருள்ள மனிதரின் குரல்நாண்களைத் தெளிவாகக் கண்டு பதிவுசெய்வது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடக்கவில்லை. காண முடியாத இடத்தைப் பற்றி மனிதர் ஊகித்துக் கொண்டவை ஏராளம். அந்த ஊகங்களால் போன உயிர்களும் ஏராளம். அவை ஒவ்வொன்றாக விலகிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

அமைப்பும் பணியும்

வரலாற்றைப் புரிந்துகொள்ள, இப்பாதையைப் பற்றி இன்று அறிந்திருப்பதைச் சுருக்கமாகக் காண்பது நல்லது.

மூக்குக்குழியை நடுவிலுள்ள ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. இருபுறச் சுவர்களிலும் மும்மூன்று சுருண்ட எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கின் வடிவை ஒத்திருப்பதால் இவை சங்கெலும்புகள் எனப்படுகின்றன. உள்ளே வரும் காற்று இவற்றின் மேல் உரசிச் செல்லும்போது சூடாகிறது, ஈரமாகிறது, தூசி நீங்குகிறது. வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் தொண்டையை அடைவதற்குள் உடலின் வெப்பநிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. ஒருவர் நாள் ஒன்றுக்கு உள்ளிழுக்கும் காற்று சுமார் 10,000 லிட்டர் என்பதை எண்ணினால் மூக்கின் உழைப்பு விளங்கும்.

மூக்குக்குழியின் உட்பரப்பைச் சளிச்சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இடைவிடாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அங்கிருந்து அது நாம் அறியாமலேயே விழுங்கப்பட்டு, இரைப்பையின் அமிலத்தில் அழிகிறது. மூக்குக்குழியின் கூரையில் மணத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவற்றின் இழைகள் சல்லடை எலும்பின் துளைகள் வழியே மூளைக்குள் நுழைகின்றன. இந்தத் துளைகள் பின்னர் ஒரு பெரிய தவறான கருத்துக்கு இடமளித்தன.

தொண்டை என்பது காற்றுக்கும் உணவுக்கும் பொதுவான வழி. அதன் கீழ் முனையில் காற்று முன்புறமுள்ள குரல்வளைக்குள்ளும், உணவு பின்புறமுள்ள உணவுக்குழலுக்குள்ளும் போக வேண்டும். விழுங்கும்போது குரல்வளை மேலெழும்புகிறது, குரல்வளை மூடி சாய்கிறது, குரல்நாண்கள் நெருங்கி வாயிலை அடைக்கின்றன. இந்த ஒழுங்கு சற்றே தவறினால் புரையேறுகிறது. யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தலையைத் தட்டுவார்கள். உண்மையில் அது மூச்சுப்பாதையின் காவல் விழித்துக்கொண்டதன் அடையாளம்.

மூளையிலிருந்து வடியும் சளி

பண்டைய எகிப்தியர் இறந்தோரின் உடலைப் பதப்படுத்தும்போது, மூக்கின் கூரையிலுள்ள மெல்லிய எலும்பை உடைத்து, மூளையை மூக்கு வழியே வெளியேற்றினர். மூக்குக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு எவ்வளவு மெல்லியது என்பது அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

கிரேக்க மருத்துவம் இந்த நெருக்கத்திலிருந்து ஒரு கொள்கையை உருவாக்கியது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில், மூளை ஈரத்தை ஈர்த்துச் சேர்க்கும் ஒரு சுரப்பியாகவும், அங்கு மிகுந்த சளி மூக்கு, காது, தொண்டை முதலிய வழிகளில் கீழே வடிவதாகவும் கருத்து உள்ளது. மூக்கு ஒழுகலைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'கட்டார்' என்ற சொல், கீழே வடிதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் இக்கொள்கையை மேலும் உறுதியாக்கினார். சல்லடை எலும்பின் துளைகள் மூளையின் கழிவு வடியும் வடிகால்கள் என்பது அவர் விளக்கம். மூளையின் அடியில் இருக்கும் சிறு சுரப்பிக்குப் பின்னாளில் இடப்பட்ட 'பிட்யூட்டரி' என்ற பெயர், சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உடல் வளர்ச்சியையும் பிற சுரப்பிகளையும் ஆளும் ஒரு சுரப்பி, சளி வடிகட்டி என்ற பழைய பெயரை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய எண்ணம் கிரேக்கர்க்கு மட்டும் உரியதன்று. தமிழில் தடுமத்துக்கு நீர்க்கோவை என்று பெயர். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று இன்றும் சொல்கிறோம். தலை கனத்து, மூக்கிலிருந்து நீர் கொட்டும்போது, அது தலைக்குள்ளிருந்துதான் வருகிறது என எண்ணுவது இயல்பே.

இந்தத் தவறுக்காகக் காலெனை மட்டும் நினைவுகூர்வது நியாயமாகாது. குரல்வளையின் குருத்தெலும்புகளையும் தசைகளையும் விலங்குகளில் அறுத்து விளக்கியவர் அவரே. கத்திக்கொண்டிருந்த ஒரு பன்றியின் கழுத்தில் குரல்வளைக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்ததும் அதன் குரல் அடங்கியதைப் பலர் முன்னிலையில் காட்டினார். பேச்சை ஆள்வது இதயமா மூளையா என்ற அக்கால வாதத்துக்கு அச்சோதனை விடை தந்தது. தாம் அறுத்துப் பார்த்த இடத்தில் காலென் சரியாகச் சொன்னார். காணாத இடத்தில்தான் சறுக்கினார்.

இந்திய மருத்துவத்தில் மூக்கின் வெளிப்புறத்தைக் கையாளும் திறன் வியக்கத்தக்க அளவில் வளர்ந்திருந்தது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் திரும்ப உருவாக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறை பிற்காலத்தில் மராட்டியப் பகுதியில் வழக்கில் இருந்தது. மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே இம்முறையில் சிகிச்சை நடந்தது. 1794இல் இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்த அச்செய்தியே ஐரோப்பிய மருத்துவர்களை இம்முறையின் பக்கம் திருப்பியது. ஆனால் கைக்கு எட்டிய வெளிமூக்கைப் போல் உள்மூக்கு எவருக்கும் எளிதில் புலப்படவில்லை.

அறுத்துப் பார்த்தவர்கள்

ஐரோப்பாவில் மனித உடலை அறுத்துப் படிக்கும் வழக்கம் பரவியபோது, மேல் மூச்சுப்பாதையின் அறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. லியொனார்டோ டா வின்சி 1489இல் வரைந்த மண்டையோட்டுப் படங்களில் கன்ன எலும்பின் காற்றறை தெளிவாக இடம்பெற்றிருக்கிறது. அவை அவர் காலத்தில் அச்சேறாததால் மருத்துவ உலகுக்குப் பயன்படவில்லை. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழலை இத்தாலியின் யூஸ்டாக்கி 1560களில் விளக்கினார். தொண்டையில் வரும் நோய் காதுக்கு எப்படிப் போகிறது என்பதற்கான விடை அக்குழலில் இருந்தது.

1651இல் ஆங்கில மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் கன்னக் காற்றறையை விரிவாக எழுதினார். பல் பிடுங்கிய குழியிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் கதையையும் அதில் சேர்த்தார். அவர் அக்குழிக்குள் ஓர் இறகை நுழைத்துப் பார்க்க, அது மேலே போய்க்கொண்டே இருந்ததாம். தலைக்குள்ளேயே போய்விட்டதோ என்று அஞ்சி வந்த அவருக்கு, அங்கு இயற்கையாகவே ஒரு வெற்றறை இருக்கிறது என்று ஹைமோர் விளக்கினார்.

இவ்வளவு கண்ட பின்னும் பழைய கொள்கை அசையவில்லை. 1543இல் காலெனின் பிழைகள் பலவற்றைத் திருத்திய வெசாலியஸ்கூட, மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியை மூளையின் சளியைப் பெறும் சுரப்பி என்றே குறித்தார்.

ஷ்னைடரின் மறுப்பு

அக்கொள்கையை நேரடியாக எதிர்த்தவர் ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர். 1655இல் சல்லடை எலும்பைப் பற்றித் தனி நூல் எழுதினார். உலர்ந்த மண்டையோட்டில் வெறுமையாகத் தெரியும் துளைகள், உடலில் நரம்பிழைகளாலும் சவ்வாலும் நிறைந்து அடைபட்டிருக்கின்றன. அவற்றின் வழியே மூளையிலிருந்து சளி வடிய இயலாது என்பது அவர் முடிவு. 1660 முதல் வெளியான தம் பெருநூலில், சளி உண்டாவது மூக்கின் உட்சவ்விலேயே என்று நிறுவினார். அச்சவ்வு நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது.

இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோவரும் 1670ஆம் ஆண்டை ஒட்டி இதே முடிவுக்கு வந்தார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் நிலைத்த ஒரு கருத்து இவ்வாறு விழுந்தது. உலர்ந்த எலும்பில் காணும் துளையை உயிருள்ள உடலின் வழியாகக் கொண்டதுதான் அத்தனை காலமும் நீடித்த பிழை.

மவுண்ட் வெர்னனில் ஓர் இரவு

பிணத்தை அறுத்து அறிவதற்கும் நோயாளியின் தொண்டைக்குள் பார்ப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு புகழ்பெற்ற மரணம் காட்டுகிறது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், 1799 டிசம்பரில் பனியிலும் மழையிலும் தம் பண்ணையைச் சுற்றிவந்தார். 14ஆம் நாள் விடியலுக்கு முன் மூச்சுத் திணறலோடு விழித்தார். பேசவும் விழுங்கவும் முடியவில்லை. அன்று மூன்று மருத்துவர்கள் வந்தனர். அக்கால வழக்கப்படி மீண்டும் மீண்டும் இரத்தம் வெளியேற்றப்பட்டது. மொத்தம் 2 லிட்டருக்கும் மேல் எடுத்திருப்பார்கள் எனக் கணக்கிடப்படுகிறது.

மூவரில் இளையவரான எலிஷா டிக், கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்துக் காற்றுக்கு வழிசெய்யலாம் என்று யோசனை கூறினார். மூத்தவர்கள் அதை ஏற்கவில்லை. அன்றிரவு வாஷிங்டன் இறந்தார். வயது 67. அவருக்கு வந்தது குரல்வளை மூடியின் கடும் அழற்சியாக இருக்கலாம் என்பது இன்று பல மருத்துவர்களின் கருத்து. விரல் நுனி அளவுள்ள ஓர் உறுப்பு வீங்கி வாயிலை அடைத்திருந்தால், அதைக் கண்டறிய அந்த வீட்டில் எவரிடமும் எந்தக் கருவியும் இல்லை.

கண்ணாடியும் பாட்டு ஆசிரியரும்

இருண்ட வழிகளுக்குள் ஒளியைச் செலுத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. ஜெர்மனியின் பிலிப் போட்சினி மெழுகுவத்தி வைத்த ஒரு கருவியைச் செய்து 1806ஐ ஒட்டி அறிமுகப்படுத்தினார். வியன்னா மருத்துவப் புலம் அதை ஏற்கவில்லை. இலண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் 1829இல் தொண்டைக்குள் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியைக் காட்டினார். அதுவும் பரவவில்லை.

வெற்றி பெற்றவர் மருத்துவரே அல்லர். ஸ்பெயினில் 1805இல் பிறந்த மனுவேல் கார்சியா, பாடகர் குடும்பத்தைச் சேர்ந்த பாட்டு ஆசிரியர். தம் மாணவர்களின் குரல் எப்படிப் பிறக்கிறது என்பதை அறியப் பல ஆண்டுகள் ஏங்கியவர். 1854 செப்டம்பரில் பாரிஸில் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு கண்ணாடிகளை வெயிலில் பயன்படுத்தினால் போதுமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கருவிகள் செய்யும் கடைக்குச் சென்று பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியை 6 பிராங்குக்கு வாங்கினார். மூச்சின் ஈரம் படியாதிருக்க அதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, தம் உள்நாக்கை ஒட்டி வைத்தார். மறுகையிலிருந்த கண்ணாடியால் வெயிலை அதன்மேல் வீழ்த்தினார். தம் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தாமே கண்டார்.

அவர் கண்டவை 1855இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வாசிக்கப்பட்டன. குரல்நாண்கள் நெருங்கி, அவற்றுக்கு இடையே காற்று பீறிடும்போது ஒலி எழுவதையும், சுருதி ஏறும்போது அவை இழுபடுவதையும் அதில் விவரித்தார். 1741இலேயே பிரான்சின் அந்துவான் ஃபெரைன் பிணத்தின் குரல்வளையில் காற்றை ஊதி ஒலி எழுப்பி, 'குரல்நாண்' என்ற பெயரைத் தந்திருந்தார். பாடிக்கொண்டிருக்கும் மனிதரில் அதே காட்சி புலனானது கார்சியாவின் கண்ணாடியில்தான்.

மருத்துவர்கள் முதலில் இதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1857இல் வியன்னாவின் லுட்விக் டூர்க் நோயாளிகளிடம் இத்தகைய கண்ணாடியைப் பயன்படுத்தினார். வெயிலை நம்பியிருந்ததால் குளிர்காலத்தில் வேலையை நிறுத்திவிட்டார். அவரிடம் கண்ணாடிகளை இரவல் வாங்கிய யோஹான் செர்மாக், நடுவில் துளையுள்ள குழியாடி ஒன்றால் விளக்கின் ஒளியை உள்ளே செலுத்தி, எந்நேரமும் பார்க்கலாம் என்று காட்டினார். யார் முதல்வர் என்பதில் இருவருக்கும் மூண்ட சண்டை ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. 1861இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இருவருக்கும் பரிசு வழங்கியது. கார்சியா இச்சண்டையில் கலந்துகொள்ளவில்லை. தம் வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தார். 1905 மார்ச் 17 அன்று அவருடைய நூறாவது பிறந்தநாளில் பல நாட்டு மருத்துவர்கள் இலண்டனில் கூடி, ஒரு பாட்டு ஆசிரியரைத் தங்கள் துறையின் முன்னோடியாகப் போற்றினர்.

மந்தமான மாணவர்கள்

செர்மாக் சிறு கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி, மெல்லண்ணத்துக்குப் பின்னே மறைந்திருக்கும் மூக்கின் பின்புறத்தையும் பார்க்க வழிகாட்டினார். அதன் பயனைப் பெரிதும் அறிந்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் மேயர். காது சரியாகக் கேளாத, குரல் தெளிவற்ற ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். மேயர் தம் விரலை அண்ணத்தின் பின்னே செலுத்திப் பார்த்தபோது மென்மையான சதைத்திரள் தட்டுப்பட்டது. அதை அகற்றியதும் அப்பெண்ணின் செவித்திறனும் பேச்சும் தேறின. 1868இல் இதை வெளியிட்ட அவர், கோபன்ஹேகன் பள்ளிக் குழந்தைகளிடமும் இந்நோயைத் தேடிப் பார்த்தார்.

இன்று அடினாய்டு என்று அழைக்கப்படும் இச்சதை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. டான்சில்களைப் போல இதுவும் கிருமிகளை எதிர்கொள்ளும் காவல் திசு. தொண்டையின் நுழைவாயிலில் இத்திசுக்கள் ஒரு வளையமாக அமைந்திருப்பதை வில்ஹெல்ம் வால்டயர் 1884இல் விளக்கினார். ஆனால் அடினாய்டு அளவுக்கு மீறிப் பெருத்தால் மூக்கின் பின்வாயிலை அடைக்கிறது. குழந்தை வாயால் மூச்சு விடுகிறது, குறட்டை விடுகிறது. செவிக்குழலும் அடைபட்டுக் காது மந்தமாகிறது. வாய் திறந்தபடி, கூப்பிட்டால் திரும்பாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று கடைசி வரிசைக்கு அனுப்பிய வகுப்பறைகள் எத்தனையோ. அத்தகைய பிள்ளைகளில் சிலருக்குக் குறை அறிவில் இல்லை, மூக்கின் பின்புறத்தில் இருந்தது என்பதை மேயரின் விரல் காட்டியது.

தொண்டை அடைப்பான்

மேல் மூச்சுப்பாதையின் நோய்களில் பெற்றோரை மிகவும் நடுங்கவைத்தது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து குரல்வளையை அடைக்கும். குழந்தை நினைவோடு இருக்கும்போதே மூச்சடைத்து இறக்கும். பிரான்சின் தூர் நகர மருத்துவர் பியேர் பிரெத்தொனோ இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு, தோல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1826இல் பெயரிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, தம் நண்பர் ஒருவரின் சிறு மகளுக்குக் கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்துக் காப்பாற்றினார். அதற்கு முன் அவர் செய்த முயற்சிகள் தோல்வியில் முடிந்திருந்தன. எலிஷா டிக்கின் யோசனை சரியானதே என்பதற்கு இது 26 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சான்று.

கத்திக்குப் பல பெற்றோர் அஞ்சினர். நியூயார்க்கில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய ஜோசப் ஓட்வையர், வாய்வழியே குரல்வளைக்குள் பொருத்தும் சிறு உலோகக் குழாயைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கி 1885இல் வெளியிட்டார். குழந்தைகளின் குரல்வளை அளவுகளை நுட்பமாக அறிந்ததனால்தான் அது கைகூடியது.

நோயின் கிருமியை எட்வின் கிளெப்ஸ் 1883இல் கண்டார். ஃபிரீட்ரிஷ் லோஃப்லர் 1884இல் அதைத் தனியே வளர்த்தார். எமில் ஃபான் பெரிங்கும் கிட்டசாட்டோவும் 1890இல் நச்சுமுறிவு முறையைக் கண்டறிந்தனர். 1894இல் பாரிஸில் எமில் ரூ அம்மருந்தைப் பயன்படுத்தியபோது, பாதியளவில் இருந்த இறப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. முதலாவது மருத்துவ நோபல் பரிசு 1901இல் பெரிங்குக்குக் கிடைத்தது இப்பணிக்காகவே. பின்னர் வந்த தடுப்பூசி நோயை வரும்முன் காத்தது.

இந்தியாவில் ஐந்து நோய்களை ஒருசேரத் தடுக்கும் ஐந்திணைத் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அறிமுகமானது. தொண்டை அடைப்பானோடு, குழந்தைகளின் குரல்வளை மூடி அழற்சிக்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமியையும் அது தடுக்கிறது. குழந்தையின் காற்றுவழியை அடைத்துவந்த இரண்டு எதிரிகளுக்கு ஒரே ஊசி.

பேரரசரின் குரல்வளை

காண முடிந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்பதும் உண்மையன்று. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரீட்ரிஷுக்கு 1887இன் தொடக்கத்தில் குரல் கம்மியது. குரல்நாணில் ஒரு சிறு கட்டி கண்ணாடியில் தெரிந்தது. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்றுநோய் என ஐயுற்று அறுவைக்கு ஆயத்தமாயினர். இலண்டனிலிருந்து அழைக்கப்பட்ட மொரெல் மெக்கென்சி, செர்மாக்கிடம் கண்ணாடி முறையைக் கற்றவர். முதலில் ஒரு துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அத்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்த ருடால்ஃப் விர்ஹோ புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றார். அறுவை கைவிடப்பட்டது.

ஆண்டின் இறுதிக்குள் புற்றுநோய் ஐயமின்றி வெளிப்பட்டது. 1888 பிப்ரவரியில் கழுத்தில் துளையிட வேண்டியதாயிற்று. மார்ச் மாதம் பேரரசரான ஃபிரீட்ரிஷ், பேச இயலாமல் தாளில் எழுதிக்காட்டியே 99 நாட்கள் ஆண்டு, ஜூன் 15 அன்று இறந்தார். எடுத்த துண்டில் நோய் இல்லை என்பதால் எடுக்காத இடத்திலும் இல்லை என்று ஆகிவிடாது. இந்தப் பாடத்தைக் குரல்வளை மருத்துவம் ஒரு பேரரசரை இழந்து கற்றது.

நேராகப் பார்த்தல்

கண்ணாடியில் தெரிவது பிம்பமே. 1884இல் கோக்கெயின் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக அறிமுகமானதும், குரல்வளையைக் கருவியால் தொடுவது எளிதாயிற்று. 1895இல் பெர்லினின் ஆல்ஃபிரட் கிர்ஸ்டைன் நாக்கின் அடியை அழுத்தி, கண்ணாடியின்றி நேராகவே குரல்வளையைப் பார்த்தார். 1897இல் ஃபிரைபர்க்கின் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்கிளைக்குள் சிக்கிய பன்றி எலும்பை வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்தார்.

அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் இக்கலையை முழுமையாக்கினார். அவர் நோயாளிகளின் காற்றுவழியிலிருந்தும் உணவுவழியிலிருந்தும் எடுத்த ஊக்கு, காசு, பொத்தான், விளையாட்டுச் சாமான் என 2,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இன்றும் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. 1943இல் ஆக்ஸ்போர்டின் ராபர்ட் மெக்கின்டோஷ் வடிவமைத்த வளைந்த தகடுள்ள குரல்வளை நோக்கி, அறுவைக் கூடங்களில் மயக்க மருத்துவர்களின் கையில் இன்றும் இருக்கிறது.

பணிகள் புரிந்த விதம்

வடிவம் தெரிந்தபின் பணிகளும் தெளிவாயின. சளியை நகர்த்தும் நுண்ணிழைகள் பாலூட்டிகளின் மூச்சுப்பாதையில் அசைவதைப் பூர்க்கின்யேவும் வாலன்டினும் 1834இல் விவரித்தனர். இரண்டு நாசிகளில் ஒன்று சற்று அடைபட மற்றொன்று திறந்திருப்பதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இது மாறுவதும் சங்கெலும்புகளின் இரத்தக்குழாய்கள் விம்மித் தணிவதால் நிகழ்கின்றன. இதை 1895இல் ரிச்சர்ட் கைசர் அறிவியல் முறையில் பதிவுசெய்தார். இந்திய யோக மரபு இம்மாற்றத்தை மிக முன்பே கவனித்து, இடகலை, பிங்கலை எனப் பெயரிட்டிருந்தது. திருமந்திரத்தில் வாரசரம் என்ற தனிப் பகுதியே உண்டு. அதில் கிழமைகளோடு இணைத்துச் சொல்லப்படுபவை சமய நம்பிக்கையைச் சேர்ந்தவை. மூச்சு நாசி மாறி ஓடுகிறது என்ற கவனிப்பு உண்மையானது.

குரல்வளை பேசுவதற்காகவே அமைந்தது என்ற எண்ணத்தை விக்டர் நெகஸ் மாற்றினார். பல விலங்குகளின் குரல்வளைகளை ஒப்பிட்டு 1929இல் வெளியிட்ட நூலில், நுரையீரலுக்குள் நீரும் உணவும் புகாமல் தடுக்கும் அடைப்பாகவே அது தோன்றியது என்றார். பேச்சும் பாட்டும் அந்தக் காவலாளி பின்னர்க் கற்றுக்கொண்ட தொழில்கள்.

மூளையின் கழிவு என்று இகழப்பட்ட சளிக்கும் ஒரு நாள் வந்தது. 1921இல் தடுமம் பிடித்திருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், தம் மூக்குச் சளியையே ஆய்வுத்தட்டில் இட்டுப் பார்த்தார். அதன் அருகில் ஒருவகைக் கிருமிகள் கரைந்து போயின. அதிலிருந்த பொருளுக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922இல் அறிவித்தார். பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தலையில் கோத்த நீர் எனக் கருதப்பட்டது, உடல் தன் வாசலிலேயே நிறுத்தி வைத்த காவல் என்று தெரிந்தது.

இன்று மெல்லிய நெகிழ்குழாயின் முனையிலுள்ள ஒளிப்படக்கருவி மூக்கு வழியே சென்று, குரல்நாண்களின் அசைவைத் திரையில் காட்டுகிறது. நோயாளியும் அதைப் பார்க்கலாம். 6 பிராங்குக் கண்ணாடியில் ஒருவர் தனியே கண்டதை இப்போது எவரும் காணலாம்.